‘இல்லை’ என்பதற்கு அத்தாட்சி: தாம்பரம் வட்டாரத்தில் வேலையின்மை உதவியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

வேலையற்று இருப்பதைக் குறிக்க நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்கிவரும் சொல் ‘வேலையில்லாத் திண்டாட்டம்’. அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் திண்டாடுகிறார். அரசாங்கத் தாள்களில் இந்தச் சொல் கிடையாது. அங்கே இருப்பவர்கள் ‘மனுதாரர்’, ‘பயனாளி’, ‘காப்பீட்டாளர்’, ‘வேலைவாய்ப்பற்றோர்’. திண்டாட்டத்துக்கு அத்தாட்சி தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும். ‘வேலைவாய்ப்பற்றோர்’ என்பது ஒரு நிர்வாக வகைமை. அதற்குள் நுழைய அத்தாட்சி வேண்டும். ஒருவர் முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு எப்படிப் போய்ச் சேருகிறார், போகிற வழியில் யார் யார் விழுந்துபோகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்க முயல்கிறோம்.

இதற்குத் தாம்பரம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகவே நடந்தால் ஒரு நூற்றாண்டுத் தொழில் வரலாறு வரிசையாக நிற்கிறது. பல்லாவரத்துத் தோல் தொழில். குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை. சானடோரியத்தில் 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ். தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு. மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். இந்த ஆலைகள் திறக்கப்பட்ட கதை முதலீட்டுக் கணக்காக எழுதப்பட்டுவிட்டது. மூடப்பட்ட கதை பத்திரிகைச் செய்தியாக வந்துபோனது. மூடிய மறுநாள் ஆலைக்குப் போகாதவர் எந்த ஜன்னலுக்குப் போனார், அங்கே என்ன கேட்டார்கள் என்பது மட்டும் எழுதப்படாத வரலாறாகக் கிடக்கிறது.

ஜன்னல்கள் இரண்டு. ஒன்று வேலைவாய்ப்பு அலுவலகம்: வேலையே கிடைக்காதவருக்கு. மற்றொன்று ஈ.எஸ்.ஐ.: இருந்த வேலை போனவருக்கு. இரண்டும் வெவ்வேறு சட்டங்களிலிருந்து, வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு வந்தவை. ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. உதவி கோருபவர் நீட்டவேண்டிய தாள் அவருடைய வாழ்க்கைக்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

1

வேலைவாய்ப்பு அலுவலகம் வேலையற்றவருக்காக உருவாக்கப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலையில் 1945இல் காலனிய அரசு தொடங்கியது அது. ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கான இளைஞர்கள் சும்மா திரிவது எந்த அரசுக்கும் நல்லதல்லவே. 1948இல்தான் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1956 நவம்பரில் அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959இல் காலிப் பணியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அறிவிக்கத்தான் சொன்னது, அங்கிருந்துதான் ஆள் எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 1987இல் ஹர்கோபால் வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் இன்னும் ஒரு படி போய், அலுவலகப் பட்டியலோடு நில்லாமல் பத்திரிகை விளம்பரமும் தரவேண்டும், நேரடியாக வரும் விண்ணப்பங்களையும் பரிசீலிக்கவேண்டும் என்றது.

வாய்ப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்ற வகையில் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதிவேட்டின் வரிசையை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அதன் பொருள் வேறு. பத்து, பதினைந்து வருடம் ‘சீனியாரிட்டி’ காத்தவரின் காத்திருப்பு மதிப்பிழந்தது. பதிவேடு அப்படியே நீடித்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சடங்கும் நீடித்தது. 2023இல்கூடத் தமிழகத்தின் பதிவேட்டில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வேலை தரும் சக்தியை இழந்த பிறகும் ஒரு பதிவேடு இவ்வளவு பெரிதாக வாழ முடிந்ததற்கு ஒரு காரணம், அதில் பெயர் இருப்பதே ‘வேலையில்லை’ என்பதற்கான ஒரே அரசாங்க அத்தாட்சியாக இருந்தது என்பதுதான்.

இந்த அத்தாட்சிக்கு விலை வைக்கப்பட்டது 2006இல். அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, படித்துவிட்டு வேலையின்றி இருப்போருக்கு உதவித்தொகை அறிவித்தது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 150 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 200, பட்டதாரிக்கு 300. பின்னர் இது இரட்டிப்பாகி 300, 400, 600 ஆனது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி விகிதம். மூன்று ஆண்டுகள் மட்டும் கிடைக்கும், மாற்றுத்திறனாளிக்குப் பத்து ஆண்டுகள். பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 21,600 ரூபாய்.

தொகையின் சிறுமையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். நிபந்தனைகளைப் பார்ப்பதுதான் முக்கியம். பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்கவேண்டும். வயது 40க்குள், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. எந்த வேலையிலும், சுயதொழிலிலும் இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் ‘எனக்கு வேலை இல்லை’ என்று சுய உறுதிமொழி எழுதித் தரவேண்டும்.

இந்த நிபந்தனைகளைத் தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத குடும்பத்தில், ஐந்து வருடமாக எந்த வேலைக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞரை அரசு தேடுகிறது. அப்படி ஒருவர் முடிச்சூரிலோ அனகாபுத்தூரிலோ இருக்க முடியுமா? அவ்வளவு ஏழைக் குடும்பத்தில் சும்மா உட்கார வைத்துச் சோறு போடமாட்டார்கள். அவர் பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்திருப்பார், துணிக்கடையில் நின்றிருப்பார், இப்போதானால் பைக்கில் சாப்பாடு கொண்டுபோவார். ஐந்து வருடம் சும்மா இருக்க முடிந்தவருக்கு வருமானச் சான்று கிடைக்காது. வருமானச் சான்று கிடைக்கிறவரால் சும்மா இருக்க முடியாது. எனவே தகுதியுள்ளவர் என்று ஒருவர் ஆவதற்குச் சின்னதாக ஒரு பொய் வேண்டியிருக்கிறது. ‘நான் எந்த வேலையும் செய்யவில்லை’ என்று, தினமும் பன்னிரண்டு மணிநேரம் உழைக்கிறவர் எழுதிக் கையெழுத்திடவேண்டும்.

‘ஏழைகள் பொய் சொல்லி வாங்குகிறார்கள்’ என்று பிறகு சொல்லப்படும்போது, அந்தப் பொய்யை வடிவமைத்தது யார் என்ற கேள்வி எழுவதில்லை. பயந்த சுபாவமுள்ளவர், குறிப்பாக முதல் தலைமுறையாகப் படித்தவர், அந்த உறுதிமொழியைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுகிறார். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்கிறார். திட்டத்தின் வெற்றி தோல்வியை அளக்கும் எந்தக் கணக்கிலும் இந்தத் திரும்பல் ஏறாது.

இன்னும் சில அன்றாட இடர்கள். புதுப்பிக்கும் மாதம் தவறினால் பதிவு மூப்பு போகும், ஐந்து வருடக் காத்திருப்பும் அதோடு போகும். அவ்வப்போது அரசு சிறப்புச் சலுகை அறிவித்து விட்டுப்போனவர்களைச் சேர்த்துக்கொள்ளும், அது தெரிந்தவருக்கு மட்டும் பயன்படும். மாவட்டம் மாறியது இன்னொன்று. தாம்பரம் செங்கற்பட்டு - எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது; 1997இல் அது பிரிந்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது; 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது அங்கே வந்தது. ஆள் அதே தெருவில், அதே வாடகை வீட்டில் இருக்கிறார். அவருடைய ‘இருப்பிடம்’ மட்டும் இரண்டுமுறை நகர்ந்திருக்கிறது. தெருமுனையில் இருந்து பார்த்தால் தெரிகிற சென்னை நகரத்து அலுவலகம் அவருக்கானதல்ல.

2

இரண்டாவது ஜன்னலுக்கு வருவோம். இந்தியாவில் தொழிலாளர் காப்பீட்டுக்கு அடித்தளமிட்டது 1944இல் பி.பி. அடார்க்கர் தந்த அறிக்கை. அதன் வழியில் 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும், 1955இல் தமிழகத்தில் கோவையிலும் நடைமுறைக்கு வந்தது. நோய், பேறுகாலம், வேலையில் ஏற்படும் காயம் மூன்றும் காப்பீட்டுக்குள் வந்தன. வேலையிழப்பு வரவில்லை. பிரிட்டனில் 1911இலேயே வேலையின்மைக் காப்பீடு சட்டமாகியிருந்தது என்பதை நினைவில் கொண்டால் இந்த விடுபடல் தற்செயலல்ல என்பது புரியும். உடம்பு கெட்டுப்போவதை அரசு பொது ஆபத்தாக ஏற்றுக்கொண்டது. வேலை போவதை அப்படி ஏற்கவில்லை.

அதற்குப் பதிலாக 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் திருத்தம் செய்து, ஆட்குறைப்புக்கு இழப்பீடு என்று வைத்தார்கள். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். இது முதலாளி தரவேண்டியது. நல்ல ஏற்பாடுதான், தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றதுதான். ஆனால் இதன் தருக்கம் என்ன? வேலையின்மை என்பது சமூகம் சேர்ந்து சுமக்கவேண்டிய ஒன்று அல்ல, இரு தரப்புக்கு இடையிலான கணக்குத் தீர்ப்பு. கணக்கைத் தீர்ப்பவரே கணக்குப் புத்தகத்தையும் வைத்திருக்கிறார். ‘நான் உன்னை அனுப்பினேன்’ என்று அவர் எழுதினால்தான் நீ அனுப்பப்பட்டவன். பிறகு வந்த எல்லாத் திட்டங்களையும் இந்தத் தருக்கம்தான் ஆட்டிப்படைக்கிறது.

பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸை நினைத்துப்பாருங்கள். 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரை வெளியிட்ட கம்பெனி, சில ஆண்டுகளுக்குள், 1980களின் இறுதியில், உற்பத்தியை நிறுத்தியது. நிலம் பல ஆண்டுகள் கிடந்து, 2000களில் கைமாறி, அங்கே கணினி நிறுவனங்களுக்கான கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. ஆலை நின்றதற்கும் நிலம் கைமாறியதற்கும் இடையில் உள்ள ஆண்டுகளில், வேலையிழந்த ஒரு தொழிலாளி போய்க் கேட்க ஈ.எஸ்.ஐ.யில் ஒரு படிவம்கூட இருக்கவில்லை. திட்டமே இல்லை. நிலத்துக்கு ஒரு தொடர்ச்சியான ஆவண வரலாறு இருக்கிறது, பட்டாவும் பத்திரமும் இருக்கின்றன. வேலையிழந்தவருடைய அந்த ஆண்டுகளுக்கு எந்தத் தாளும் இல்லை.

ஈ.எஸ்.ஐ.யில் அந்தப் படிவம் 2005 ஏப்ரலில்தான் வந்தது, ராஜீவ் காந்தி பெயரிலான திட்டமாக. ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர உடற்குறை ஆகிய காரணங்களால் வேலை இழந்தவருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு. ஆரம்பத்தில் ஐந்தாண்டு சந்தா கட்டியிருக்கவேண்டும், பிறகு அது தளர்த்தப்பட்டது. 2018 ஜூலையில் அடல் பெயரில் இன்னொரு திட்டம் வந்தது. சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே ஒருமுறை. 12,000 ரூபாய் வாங்கியவருக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 9,000 ரூபாய்.

இந்தத் திட்டங்களில் யாருக்குக் கிடையாது என்ற பட்டியல்தான் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. கதவடைப்புக் காலத்தில் கிடையாது. சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவருக்குக் கிடையாது. தானாக வேலையை விட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது.

கடைசி வரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நம் ஆலைகளில் யாரையாவது வெளியே அனுப்பும்போது ‘உன்னை நீக்குகிறோம்’ என்று தாள் தருவது அபூர்வம். மனிதவளத் துறையின் அறையில் வேறு மாதிரி நடக்கும். “இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, செட்டில்மெண்ட் சீக்கிரம் வந்துரும். நாங்க டெர்மினேட் பண்ணா வேற எங்கேயும் சேர முடியாது, உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்.” தாளில் ‘என் சொந்தக் காரணங்களால்’ என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கும். கையெழுத்துப் போட்ட அந்த நொடியில் மூன்று விஷயங்கள் நடந்துவிடுகின்றன. ஆட்குறைப்பு இழப்பீடு போகிறது. ஈ.எஸ்.ஐ. வேலையின்மைப் படி போகிறது. ஆலை மாவட்டத் தொழிலாளர் அலுவலருக்குக் கொடுக்கவேண்டிய எந்தக் கணக்கிலும் அந்த வெளியேற்றம் ஏறாமல் போகிறது. ஒருவருக்கு இழப்பு, இன்னொருவருக்குச் சுத்தமான பதிவேடு. இரண்டும் ஒரே தாளில்.

இதன் பெரிய வடிவம்தான் வி.ஆர்.எஸ். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்படுவதற்கு முன்பு ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வு’ பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபது சொச்சம் வயதினர். ஓய்வு பெறும் வயதா அது? அதில் விருப்பம் எங்கே இருந்தது? வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறாமல் நின்ற ஆலையில், நவம்பர் 1 அன்று வாசல் மூடப்படும்வரை காத்திருப்பதா, பணம் கிடைக்கும்போதே வாங்கிக்கொண்டு போவதா என்ற தேர்வுக்குத்தான் ‘விருப்பம்’ என்று பெயர். ஒப்பந்தத் தொகை வந்தது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு சொல் ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் வாசலை அடைத்துவிடுகிறது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு 2022இல் உற்பத்தி நின்றபோது இன்னொரு வேலி தெரிந்தது. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறுபவர் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே. 2017 முதல் இருந்துவந்த வரம்பு அது. சங்கம் வைத்துச் சம்பளம் உயர்த்திக்கொண்டவர்கள் அந்த உயர்வாலேயே காப்பீட்டை இழந்தார்கள்.

3

இந்தத் தாள்களில் யார் முகம் தெரிகிறது என்பதையும் கேட்கவேண்டும். வேலையற்றவர் என்றதும் நம் மனதில் வருபவர் ஓர் ஆண், பட்டதாரி, தாடி வைத்தவர். நம் சினிமாவும் சிறுகதையும் அவரைத்தான் வரைந்து வரைந்து நிலைநிறுத்தியிருக்கின்றன. மெப்ஸ் வளாகத்தில் காலை ஷிஃப்ட்டுக்குச் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குவோரில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் ஒருத்திக்கு வேலை போனால் அவள் ‘வேலையற்றவள்’ ஆவதில்லை. ‘வீட்டுக்குப் போயிட்டா’ என்று ஆகிறாள். கல்யாணம், பிரசவம், மாமியார் உடல்நிலை என்று ஏதாவது ஒரு காரணம் அவள் பெயருக்கு எதிரே எழுதத் தயாராகவே இருக்கிறது. பெண்ணுக்கு வீடு என்று ஒரு இடம் இருப்பதாகச் சமூகம் நம்புவதால், அவள் வேலையிழப்பைச் சொந்த விருப்பமாக எழுதுவது நிர்வாகத்துக்கு எளிதாகிறது. ஆணாதிக்கம் இங்கே வெறும் மனோபாவம் அல்ல, ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்யும் முறை.

மெப்ஸ் தொடங்கிய அதே 1984இல் தொழில் தகராறுச் சட்டத்தில் இன்னொரு திருத்தமும் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்கான வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்றது அது. வேலை போகலாம், ஆனால் யாரும் அதை எடுக்கவில்லை! ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் சிக்கல். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் சிலருக்குப் புதிய ஈ.எஸ்.ஐ. எண் போடுகிறார்கள். ஒரே வாசலில், ஒரே இயந்திரத்தில் நான்கு வருடம் நின்றவர், தாளில் மூன்று தனித்தனி ஆட்களாக இருக்கிறார். இரண்டாண்டுச் சேவையும், வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தாவும் காட்டவேண்டும் என்றால் அவர் எந்த எண்ணைக் காட்டுவார்?

2020 இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஊரடங்கில் வேலை போனவர்களுக்காக அந்த ஆகஸ்டில் ஈ.எஸ்.ஐ. கழகம் விதிகளைத் தளர்த்தியது. 25 சதவீதம் 50 ஆனது. வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கோரலாம் என்பது 30 நாள் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய முதலாளி வழியாக வரவேண்டிய மனுவைத் தொழிலாளி நேரடியாகக் கிளை அலுவலகத்திலேயே தரலாம் என்றானது. ஆனாலும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். பஸ் ஓடாத காலத்தில் நோட்டரியைத் தேடி எங்கே போவது? நவம்பரில் அந்தப் பிரமாணப் பத்திரமும் கைவிடப்பட்டது.

இதைச் சலுகை என்று மட்டும் பார்க்கக் கூடாது. முதலாளியின் கையெழுத்தும் முத்திரைத்தாளும் இல்லாமலே வேலையின்மையைச் சரிபார்க்க முடியும் என்பதை ஈ.எஸ்.ஐ. கழகமே ஒப்புக்கொண்ட வரலாற்றுத் தருணம் அது. மாதாமாதம் சந்தா வருகிறதா, நின்றுவிட்டதா என்பது கழகத்தின் கணினியிலேயே இருக்கிறது. அப்படியானால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தக் கையெழுத்து எதற்காகக் கேட்கப்பட்டது?

4

இரண்டு ஜன்னலும் மூடியிருந்தால் நம் வட்டாரத்துத் தொழிலாளி எங்கே போகிறார்? பி.எஃப்.க்கு. நடைமுறையில் இங்கே வேலையின்மைப் படியாக இயங்குவது வருங்கால வைப்புநிதிதான். அது முதுமைக்கென்று பிடிக்கப்பட்ட, அவருடைய சொந்தச் சம்பளத்தின் பகுதி. அறுபது வயதில் இருக்கப்போகிற தன்னிடமிருந்து முப்பது வயதில் கடன் வாங்கிச் சாப்பிடுகிறார். இதை ‘சமூகப் பாதுகாப்பு’ என்று அழைக்கிறோம்.

அங்கும் தாள்தான். வேலையிலிருந்து நின்ற தேதியை முதலாளி பதியவேண்டும், பதியாவிட்டால் பணம் நகராது. 2020 தொடக்கத்தில்தான், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே அதைப் பதிந்துகொள்ள வழி வந்தது. அடுத்தது பெயர். சாதிப் பின்னொட்டை உதறி, தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொள்வது தமிழ்நாட்டுப் பண்பாட்டு அரசியலின் பேறு. கணினிக்கு அது புரிவதில்லை. ஆலைப் பதிவேட்டில் ‘எஸ். லட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி சுப்பிரமணி’, வங்கியில் கணவர் பெயரின் எழுத்தோடு ‘லட்சுமி கே.’ என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை லட்சுமியுடையது. அதற்குத் திரும்பவும் முதலாளியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டர்களில் இதற்கென்றே ஒரு தரகு உருவாகியிருக்கிறது. ‘பி.எஃப். எடுத்துத் தரப்படும்’ என்ற பலகைகள் தாம்பரத்தில் ஏன் இத்தனை என்று கேட்டால், அதுதான் நம் வேலையின்மைக் கொள்கை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1947இன் தொழில் தகராறுச் சட்டமும் 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1959இன் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டமும் அவற்றுக்குள் கரைந்துவிட்டன. ஆலையை மூட அரசின் முன் அனுமதி 100 பேருக்கு என்றிருந்தது 300 பேருக்கு என்று உயர்ந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு 15 நாள் சம்பளம் மறுதிறன் நிதியிலிருந்து என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ‘ஆட்குறைப்புக்கு உள்ளானவர்’ என்று எழுதித் தருவது யார்? அதே அறை, அதே அச்சடித்த தாள். பெயர்களும் எண்களும் மாறலாம். நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறாதவரை கதை மாறாது.

5

நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்ற முடியாதா? முடியும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. பிரிட்டனில் 1921 முதல், படி கேட்பவர் தான் ‘உண்மையாகவே வேலை தேடுகிறேன்’ என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. வேலையே இல்லாத சுரங்க ஊர்களில், இல்லாத வேலையைத் தேடி ஆலை ஆலையாக நடந்ததற்குச் சாட்சி கேட்டார்கள். இலட்சக்கணக்கானோர் மறுக்கப்பட்டார்கள். தொழிலாளர் இயக்கத்தின் எதிர்ப்பில் 1930இல் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே குடும்ப வருமானத்தைத் துருவும் சோதனை வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு சோதனை போனால் இன்னொன்று வரும்.

நம் நாட்டிலேயே இன்னும் நெருக்கமான சான்று, 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம். வேலை கேட்டு மனு கொடுத்து 15 நாளில் வேலை தரப்படாவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும் என்றது அது. அங்கே ஒருவர் தான் வேலையற்றவர் என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மனு வாங்கியதற்குத் தேதியிட்ட ரசீது போதுமாயிருந்தது. வேலை கொடுத்தோம் என்று நிரூபிக்கவேண்டியது அரசு. தலைகீழாகத் திருப்பிய இந்த ஏற்பாட்டின் ஆபத்தை அலுவலகங்கள் உடனே புரிந்துகொண்டன. அதனால்தான் பல இடங்களில் அந்த ரசீது மட்டும் கொடுக்கப்படாமலே போனது. ஒரு துண்டுச் சீட்டுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை மறுத்தவர்கள்தான் நமக்குக் கற்றுத்தருகிறார்கள். இந்தச் சட்டமும் ஊரகத்துக்கு மட்டும்தான் என்பதால், நகரமாகிவிட்ட நம் புறநகருக்கு அது எட்டவே இல்லை.

வேலையின்மை உதவியைத் ‘தொகை போதாது’ என்ற ஒரே கோணத்தில் பேசிவந்திருக்கிறோம். போதாது என்பது உண்மை. ஆனால் 600 ரூபாயை 6,000 ஆக்கினாலும், ராஜினாமாத் தாளும் பொய் உறுதிமொழியும் அப்படியே இருந்தால், தொகை உயர உயர மறுப்பும் இறுகும். முன்வைக்கவேண்டிய கோரிக்கைகள் எளியவை. சந்தா நின்றாலே வேலையின்மை என்று ஈ.எஸ்.ஐ. தானாக எடுத்துக்கொள்ளவேண்டும்; தொழிலாளி விரும்பித்தான் விலகினார் என்று முதலாளி சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. சின்னச் சின்ன உழைப்பு செய்பவரை ‘வேலையுள்ளவர்’ என்று தள்ளாமல், வருமானத்தை மட்டும் பார்க்கவேண்டும். வாங்கும் ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ரசீது வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. வேலையில் இருக்கும்போதே சம்பளச் சீட்டுகளையும் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எண்களையும் வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது. மூன்று தாள்களிலும் பெயரை இப்போதே ஒன்றாக்கிக்கொள்வது. அச்சடித்த ராஜினாமாவில் கையெழுத்துக் கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வெளியே வருவது. கட்டாயப்படுத்தினால் அன்றே தொழிலாளர் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதுவது. அலுவலகத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்பது. இவற்றைத் தனியாள் செய்வது கடினம். சங்கங்களும் வாசகர் வட்டங்களும் இளைஞர் மன்றங்களும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் முடியும். பிரவுசிங் சென்டர் தரகர் பணம் வாங்கிக்கொண்டு செய்வதை நாம் ஏன் செய்யக் கூடாது?

அந்த மேசையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். யார் வந்தார், என்ன தேதி, எந்த ஜன்னல், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதிவைப்போம். அரசின் பதிவேட்டில் ஏறாதவர்களின் பதிவேடு அது. தாம்பரத்துத் தொழில் வரலாற்றை எழுத வரும் ஆளுக்கு ஆலை திறந்த தேதியும் மூடிய தேதியும் எங்கும் கிடைக்கும். இது அந்த நோட்டில் மட்டும்தான் கிடைக்கும்.